காட்டுப்பூவரசும் அசேலியாவும்: மலைத் தோட்டத்தில் ரோடோடெண்ட்ரான் வளர்ப்பது எப்படி?

கேரட் பாத்திக்கு டோலமைட் தூவும்போது கையில் மிச்சமிருந்ததை வாசல் ஓரத்து அசேலியாவுக்கும் ஒரு கைப்பிடி போட்டுவிடுவது மலைக் கிராமங்களில் சாதாரணமாக நடக்கும் காரியம். நல்லதுக்குத்தான் போடுகிறோம். ஆனால் அடுத்த சில மாதங்களில் அந்தச் செடியின் புதுத் துளிர்கள் வெளிறி, மஞ்சளாகி, பூ குறைந்து, ஒரு வறட்சிக்குத் தாங்காமல் காய்ந்துவிடும். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்போம், பலன் இருக்காது. கேரட்டுக்குச் சத்தாக இருக்கும் அதே சுண்ணாம்பு இந்தச் செடிக்குப் பட்டினி. இந்தக் குடும்பத்துச் செடிகளை வளர்ப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அசேலியா என்று நாம் சொல்வதும், ஊட்டி, கொடைக்கானல் சோலைக்காடுகளின் ஓரத்தில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்தின் பெயர் ரோடோடெண்ட்ரான். உலகில் இதில் சுமார் ஆயிரம் வகைகள் உண்டு. இந்தியாவில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அருணாசலப் பிரதேசம், சிக்கிம் போன்ற கிழக்கு இமயமலைப் பகுதிகளில் உள்ளன. உத்தரகண்டில் மாநில மரம், நேபாளத்தில் தேசிய மலர் என்று அங்கெல்லாம் இதற்குப் பெரிய மரியாதை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வது காட்டுப்பூவரசு ஒன்றுதான். நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உயரமான பகுதிகளில் புல்வெளி நடுவே முறுக்கிய தண்டோடு தனித்து நிற்கும். தடித்த பட்டை இருப்பதால் புல்வெளித் தீயையும் உறைபனியையும் தாக்குப்பிடிக்கிறது. வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் அசேலியாக்கள் பெரும்பாலும் ஜப்பான், சீன வகைகளிலிருந்து வந்த கலப்பினங்கள். இரண்டரை அடியிலிருந்து ஐந்தடி வரை புதராக வளரும். வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா என்று பல நிறங்கள் உண்டு.

இந்த இரண்டுமே இலை உதிர்க்காமல் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பவை. அப்படி என்றால் ஓர் இலைகூட உதிராது என்று பொருள் இல்லை. ஓரிரு ஆண்டு ஆன பழைய அடி இலைகள் மஞ்சளாகி விழும். அது இயல்பு. நுனியில் உள்ள புது இலை மஞ்சளானால்தான் கவலைப்பட வேண்டும்.

சமவெளியில் வளருமா?

வளராது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். அங்கே இரவில் வரும் குளிர்ச்சியும் காற்றில் இருக்கும் ஈரமும்தான் இந்தச் செடியின் பலம். சுற்றுலா வருபவர்கள் பூவோடு இருக்கும் தொட்டியை வாங்கிக்கொண்டு மதுரைக்கும் கோவைக்கும் இறங்குகிறார்கள். பூ முடியும் வரை செடி நன்றாக இருக்கும். ஏப்ரல், மே வெயிலும் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரும் சேர்ந்து அதை முடித்துவிடும். ஏற்காடு போல 1,500 மீட்டரை ஒட்டிய ஊர்களில் அசேலியாவை நிழல் பார்த்து வளர்க்கலாம். காட்டுப்பூவரசுக்கு அதைவிட உயரம் வேண்டும். எனவே இங்கே சொல்வது மலைப்பகுதி விவசாயிகளுக்கு மட்டும்.

மண்தான் முதல் வேலை

இந்தச் செடிக்கு வேண்டியது அமில மண். கார அமில நிலை 4.5 முதல் 6 வரை இருந்தால் போதும். தேயிலை நன்றாக வளரும் மண் என்றால் இதுவும் வளரும் என்று எடுத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்து ஓரம், வீட்டைச் சுற்றிய பழைய காப்பிக் கொல்லை போன்ற இடங்கள் பொருத்தமானவை. பல ஆண்டுகளாக உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் போட்டு, ஒவ்வொரு போகத்துக்கும் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு வந்த நிலம் பொருந்தாது. பார்வைக்கு இரண்டும் ஒரே செம்மண்ணாகத்தான் தெரியும்.

மண் மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. அதற்கு முன் ஓர் எளிய அடையாளம் உண்டு. மலை ஊர்களில் வேலி ஓரம் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா எந்த நிறத்தில் பூக்கிறது என்று பாருங்கள். நல்ல நீலமாகப் பூத்தால் அந்த மண் அமில மண். இளஞ்சிவப்பாகப் பூத்தால் மண்ணில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. வெள்ளைப் பூ வகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே வேலியில் ஒரு பக்கம் நீலமும், சுவரை ஒட்டிய பக்கம் இளஞ்சிவப்புமாகப் பூப்பதைப் பார்க்கலாம். சுவரின் சிமெண்டும் சுண்ணாம்பும் மழையில் கரைந்து இறங்குவதுதான் காரணம். ஆகவே புதிதாக வெள்ளையடித்த சுவர், புதுக் கட்டடத்தின் அஸ்திவாரம், சிமெண்ட் கலவை கொட்டிய இடம் இவற்றை ஒட்டி அசேலியா நடக்கூடாது. குறைந்தது மூன்றடி தள்ளி நடுங்கள்.

ஏன் சுண்ணாம்பு ஆகாது? மண்ணில் காரத்தன்மை ஏறும்போது இரும்புச்சத்து கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிவது இதனால்தான். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கரைத்து மாலையில் இலை மேல் தெளித்தால் சில வாரங்களில் பச்சை திரும்பும். ஆனால் அது தற்காலிகம். மண்ணைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த துளிரும் மஞ்சளாகவே வரும். சற்றே காரம் ஏறிய மண்ணில் கந்தகத் தூளைக் கலந்து, நடுவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆறவிட வேண்டும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது, பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் இட வேண்டும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஊற்றச் சொல்லி செல்போனில் சுற்றும் யோசனைகளை நம்பவேண்டாம். அந்த அமிலம் சில நாளில் மறைந்துவிடும், வேர்தான் வேகும்.

நடும்போது நேரும் தவறு

இந்தச் செடியின் வேரை ஒருமுறை பார்த்தால் போதும், பாதி வளர்ப்பு முறை புரிந்துவிடும். ஆணிவேர் போல ஆழமாக ஓடாது. தலைமுடி போன்ற மெல்லிய வேர்கள் மேல் மண்ணிலேயே, ஓர் அடிக்குள் பாய்போலப் பின்னிக்கிடக்கும். அந்த மெல்லிய வேருக்குள் ஒரு வகைப் பூஞ்சை குடியிருந்து, மட்கிய இலையிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கிறது. அமில மண்ணில், இலைமட்கில் மட்டும் நன்றாக நடக்கும் கூட்டு வாழ்க்கை இது.

ஆகவே தென்னைக்குத் தோண்டுவது போல மூன்றடி ஆழக் குழி வேண்டாம். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் குறைவாக இருக்கட்டும். அசேலியாவுக்கு இரண்டடி முதல் மூன்றடி அகலமும் ஓர் அடி ஆழமும் போதுமானது. எடுத்த மண்ணில் பாதியளவு நன்றாக மட்கிய இலையைக் கலந்து குழியில் நிரப்புங்கள். தொட்டியிலிருந்தோ பையிலிருந்தோ எடுத்த வேர்க்கட்டியின் மேல்பகுதி, சுற்றியுள்ள நிலமட்டத்தைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்து போனால் மண் சரிந்து தண்டடியை மூடும், வேர் மூச்சுத் திணறும். செடி சாயும் என்று பயந்து ஆழமாக நடுவதுதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம். சாயும் என்று தோன்றினால் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

பையில் நெடுநாள் இருந்த செடியானால் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே நட்டால் வேர் வெளியே வராமல் அந்தப் பை அளவிலேயே நின்றுவிடும். ஓராண்டு கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் நட்ட நாளில் இருந்த அதே உருவத்தில் இருக்கும். நடும் முன் வேர்க்கட்டியைத் தண்ணீரில் நனைத்து, ஓரங்களை விரலால் மெதுவாகப் பிரித்துவிட வேண்டும்.

களிமண் பாங்கான இடத்திலும், படிக்கட்டு நிலத்தில் மேல்தட்டு நீர் வந்து நிற்கும் உள்மூலையிலும் குழியே போடாதீர்கள். நிலத்தின் மேலேயே அரையடி, முக்காலடி உயரத்துக்கு இலைமட்கும் மண்ணும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டி அதில் நடுவது பாதுகாப்பானது. அசேலியாவுக்குச் செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி விடலாம். காட்டுப்பூவரசு நாளடைவில் மரமாகிவிடும் என்பதால் 15 அடியாவது விட வேண்டும்.

நடும் காலம் மழை தொடங்கும் நேரம். நீலகிரியின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை அதிகம் என்பதால் அங்கே ஜூன் நல்லது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமும் கொடைக்கானலும் வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்பியிருப்பவை. அங்கே செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் நடலாம். உறைபனி இறங்கும் முன் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

இடம் தேர்வு செய்யும்போது சல்லடை நிழல் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தடி மிகவும் ஏற்றது. வெயில் வடிகட்டி விழும், இலை கொட்டி மட்கும். தைல மரத்தடியும் சைப்ரஸ் வேலி ஓரமும் ஆகாது. அவற்றின் வேர் மேல்மண்ணின் ஈரத்தை எல்லாம் இழுத்துவிடும். முழு இருட்டு நிழலில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் பூக்காது.

கொத்தக் கூடாது, மூட வேண்டும்

களைக்கொத்தோடு இந்தச் செடியடிக்குப் போகாதீர்கள். நாம் மண்ணைக் கொத்திவிட்டோம் என்று நினைப்போம், உண்மையில் வேரை அறுத்திருப்போம். களையைக் கையால் பிடுங்க வேண்டும். களை வராமலே இருக்க மூடாக்கு போடுவது அதைவிட நல்லது. சில்வர் ஓக் இலை, காய்ந்த பைன் ஊசியிலை, காய்ந்த பெரணி எது கிடைத்தாலும் மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தண்டடி அழுகும். தைல மர இலையைத் தவிர்ப்பது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை மேலே புது இலை சேர்த்துக்கொண்டே வந்தால் அதுவே பெரும்பாலான உரம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. மேல்வேர் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் மற்ற செடிகளுக்கு முன்பே இது வாடும். அதற்காகத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மூடாக்கை விலக்கி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். தட்டாவிட்டால் வேர்ப்பாய் முழுதும் நனையும்படி ஊற்றுங்கள். மழைநீரும் ஊற்று நீரும் சிறந்தவை. காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடும் தண்ணீர் என்றால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அதைத் தொடர்ந்து ஊற்றுவது டோலமைட்டைக் கரைத்து ஊற்றுவது போலத்தான்.

உரத்தில் கை இறுக்கம் நல்லது. அடுப்புச் சாம்பல், கோழி எரு, எலும்புத் தூள் மூன்றும் கூடாது. சாம்பலும் எலும்புத் தூளும் காரத்தையும் சுண்ணாம்பையும் ஏற்றும். முட்டைக்கோழிப் பண்ணை எருவில் சுண்ணாம்பு அதிகம், சூடும் அதிகம். பச்சைச் சாணமும் வேண்டாம். ஓராண்டு மட்கிய தொழுஉரத்தை மூடாக்கின் கீழ் லேசாகத் தூவலாம். இரசாயன உரம் இட விரும்பினால் யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் பொருத்தம், அது மண்ணை அமிலப் பக்கம் வைத்திருக்கும். நடுத்தர அசேலியாவுக்கு பூ முடிந்ததும் ஒருமுறை, மழை தொடங்கும்போது ஒருமுறை, 15 கிராம் வீதம் ஈர மண்ணில் தூவினால் போதும். செப்டம்பருக்குப் பின் தழைச்சத்து கொடுக்காதீர்கள். இளந்துளிர் வந்து உறைபனியில் கருகும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் அகலமான மண் தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். இலைமட்கு, தேயிலைத் தோட்டத்து மேல்மண், நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு கலக்கலாம். நார்க்கழிவை அலசாமல் போட்டால் உப்பு வேரைச் சுடும்.

பனியும் பூவும்

டிசம்பர், ஜனவரி காலைகளில் இலைகள் தொங்கி, சுருட்டு போலச் சுருண்டிருப்பதைப் பார்த்து, செடி வாடிவிட்டதென்று சிலர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குளிரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இலை செய்யும் வேலை அது. வெயில் ஏறியதும் விரிந்துவிடும். பகல் முழுக்கத் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

மொட்டுக்குப் பெரிய எதிரி உறைபனியைவிட, உறைபனி மேல் விழும் காலை வெயில். உறைந்த மொட்டு மெதுவாக உருகினால் பிழைக்கும், சட்டென்று சூடேறினால் உள்ளே திசு கிழிந்து பழுப்பாகிவிடும். அதனால் கிழக்கு நோக்கிய திறந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் காய்ந்த பெரணியும் பழைய சாக்கும் அதே வேலையைச் செய்யும். மாலையில் மூடி, காலை பனி உருகிய பின் எடுக்க வேண்டும்.

இந்த ஆண்டுப் பூ உதிர்ந்த சில மாதங்களிலேயே அடுத்த ஆண்டுக்கான மொட்டு கிளை நுனியில் உருவாகிவிடுகிறது. கவாத்து செய்ய வேண்டுமானால் பூ முடிந்த மூன்று நான்கு வாரத்துக்குள் செய்துவிட வேண்டும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் சூட்டில் வேலிக் கத்தரியை எடுத்து இதையும் சீராக வெட்டினால் அடுத்த பருவத்துப் பூவைத்தான் வெட்டிப் போடுகிறோம். செடி பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தும் பூக்கவில்லை என்பவர்கள் எந்த மாதம் வெட்டினோம் என்று யோசித்துப் பாருங்கள். காட்டுப்பூவரசுக்கும் பெரிய இலை வகைகளுக்கும் கவாத்து அநேகமாகத் தேவையில்லை. வாடிய பூங்கொத்தை மட்டும் விரலால் ஒடித்துவிட்டால் சத்து விதைக்குப் போகாமல் துளிருக்குப் போகும். கொத்துக்குச் சற்றுக் கீழே புது மொட்டுகள் இருக்கும், அதைச் சேர்த்து ஒடித்துவிடாதீர்கள்.

நோயும் பூச்சியும்

தேயிலை விவசாயிகளுக்குக் கொப்புள நோய் தெரியும். அதே பூஞ்சைக் குடும்பத்தின் வேறொரு வகை அசேலியாவைத் தாக்கும். இளம் இலைகள் தடித்து, சதைப்பற்றாக, வெளிர்ப்பச்சையாக வீங்கும், பின் வெண்ணிறப் பொடி பூக்கும். தேயிலையிலிருந்து இதற்கு ஒட்டாது, இதிலிருந்து தேயிலைக்கும் ஒட்டாது. வீங்கிய இலை வெண்மையாகும் முன் கையால் கிள்ளி எரித்துவிட்டால் வீட்டுத் தோட்டத்துக்கு மருந்தே வேண்டாம்.

இலையின் மேல் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகளும், அடியில் தார்ப்புள்ளி போன்ற கறுப்பு எச்சமும் தெரிந்தால் கண்ணாடி இறகுப் பூச்சி. வெயிலில் காயும் செடியில்தான் இது அதிகம். இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லியை ஒரு லிட்டர் நீரில் காதி சோப்புக் கரைசலோடு கலந்து அடிப்புறம் நனையத் தெளியுங்கள். செடியை நிழலுக்கு மாற்றினாலே பாதி குறையும்.

வேரழுகல்தான் கொல்லும் நோய். மண் ஈரமாக இருக்கும், இலை பகலெல்லாம் தொங்கும், தண்டடியைச் சுரண்டினால் பட்டைக்குள் பழுப்பாக இருக்கும். அந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்ற முயல்வது வீண். வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அதே குழியில் இன்னொரு அசேலியாவை நடாமல் இருங்கள்.

ஆடு மாடு உள்ளவர்கள் கவனிக்க

இந்தச் செடியின் இலை, பூ, பூந்தேன் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. வகைக்கு வகை அளவு மாறுமே தவிர, அசேலியா உட்பட எதையும் தீவனமாக நினைக்கக் கூடாது. கால்நடையின் உடல் எடையில் 0.2 சதவீத அளவு இலை தின்றாலே நஞ்சேறலாம். 30 கிலோ ஆட்டுக்கு அது வெறும் 60 கிராம், இரண்டு வாய்.

செடியில் நிற்கும்போது ஆடுகள் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆபத்து இரண்டு நேரங்களில் வருகிறது. கோடையில் வேறு பச்சை இல்லாதபோது பசியில் கடிக்கும். கவாத்து செய்த கிளைகளை நாமே வேலிக்கு வெளியே வீசும்போது தழை என்று தின்னும். வெட்டிய தழையைக் குழியில் போட்டு மூடுங்கள், அல்லது காயவைத்து எரியுங்கள். எருக்குழியில் போடுவதானால் ஆடு எட்டாதபடி மண் மூட வேண்டும்.

தின்ற சில மணி நேரத்தில் வாயில் நுரை, எச்சில் ஒழுகுதல், பல்லைக் கடித்தல், பச்சையாக வாந்தி, வயிறு உப்புதல், தள்ளாட்டம் தெரியும். ஆடு சாதாரணமாக வாந்தி எடுக்காத பிராணி. வாந்தி எடுத்தால் எதையாவது தின்றிருக்கிறது என்று உடனே சந்தேகப்பட வேண்டும். எண்ணெயோ கஷாயமோ தொண்டையில் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. ஆனால் நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பல ஆடுகள் பிழைக்கின்றன. கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 எண்ணை அழையுங்கள். தின்ற இலையில் ஒன்றைக் கையில் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இமயமலையில் ஒரு வகையின் பூவைச் சாறு பிழிந்து குடிக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டு வாசல் அசேலியாப் பூவைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். அதன் தேனை உறிஞ்சுவதும் கூடாது.

கன்று எங்கே கிடைக்கும்?

சோலையில் முளைத்துக் கிடக்கும் காட்டுப்பூவரசுக் கன்றைப் பிடுங்கி வருவது காப்புக்காட்டில் வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் அது வீண் வேலைதான். வேரோடு இருக்கும் பூஞ்சைப் பின்னல் அறுந்துவிடுவதால் பிடுங்கிய கன்று பெரும்பாலும் பிழைப்பதில்லை. சொந்தப் பட்டா நிலத்தில் மரம் இருந்தால் விதை எடுக்கலாம். காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது காகிதத்தில் உதிர்த்தால் தூசி போன்ற விதை வரும். தட்டில் ஈரப் பாசியும் சலித்த இலைமட்கும் பரப்பி, விதையை மேலே தூவி, மண் போட்டு மூடாமல் கண்ணாடியோ பாலித்தீனோ போர்த்திவிடுங்கள். முளைக்க வெளிச்சம் தேவை, அதனால் மூடக்கூடாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். அதன் பின் பொறுமைதான் வேண்டும். விதையிலிருந்து வந்த காட்டுப்பூவரசு பூக்கப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம்.

அசேலியா அப்படி இல்லை. பூ முடிந்து வந்த துளிர் பாதி முற்றியதும், ஒடித்தால் சடக்கென்று ஒடியும் பருவத்தில், மூன்று நான்கு அங்குலக் குச்சியாக நறுக்கி அடி இலைகளைக் களையுங்கள். ஆற்று மணலும் அலசிய நார்க்கழிவும் கலந்த தட்டில் ஊன்றி, பாலித்தீன் கூடாரத்தில் நிழலில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். பெரிய இலை வகைகளுக்குக் குச்சி வேர்விடுவது கடினம். தாழ்ந்த கிளையைக் கீறி மண்ணில் பதித்துக் கல் வைத்தால் ஓரிரு ஆண்டில் பதியம் பிரிக்கலாம்.

தேயிலைக்கு நடுவே பத்து சென்ட் நிழல் நிலம் வைத்திருப்பவர்கள் அசேலியாக் குச்சிகளைப் பையில் போட்டு நாற்றாக விற்பதை யோசிக்கலாம். மண் வாங்க வேண்டியதில்லை, இலைமட்கு தோட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் முதலிலேயே ஆயிரம் பை போடவேண்டாம். முதல் ஆண்டு ஐம்பது குச்சி ஊன்றி எத்தனை வேர்விடுகிறது என்று பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மண் பரிசோதனை அட்டையோடு போய் உங்கள் உயரத்துக்கு எந்த வகை பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சமவெளிக்குக் கொண்டுபோக வாங்குபவரிடம், அங்கே இது தாங்காது என்று சொல்லியே விற்றுவிடுங்கள். அடுத்த சீசனில் அவர் திரும்பி வந்து திட்டமாட்டார்.